படுக்கக் கூடாத குதிரை

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாமெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, உங்களில் ஒருவர் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டீர்கள். விழித்ததும், மூக்குக்குக் கீழே ஈ ஊர்ந்து நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். உடனே பேச்சு தூக்கத்தின் பக்கம் திரும்பியது. ஒருவருக்கு மாத்திரை போட்டால்தான் வருகிறதாம். இன்னொருவருக்குப் போட்டும் வருவதில்லையாம். விடிய விடியக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதில் நம் வயதுக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. தூக்கம் என்ற பேச்சு வந்தாலே எனக்கு எங்கள் வீட்டுக் குதிரை ஞாபகம் வந்துவிடும். கூடவே அந்த வருஷத்துப் பயமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இப்போது எழுதிக் கொடுக்கிறேன். தூக்கம் வராத நேரத்தில் படியுங்கள்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம். காவேரித் தண்ணீர் வாய்க்காலில் வந்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பாயும். மேட்டூரில் அணையைக் கட்டித் தண்ணீரை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. நாமக்கல் போகவேண்டும் என்றால் மாட்டு வண்டி கட்டுவார்கள், இல்லாவிட்டால் நடப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் குதிரை இருந்தது. ஐயன் அதில்தான் கொடிக்காலுக்குப் போவார், மேட்டுக்காட்டுக்குப் போவார், நாமக்கல் சந்தைக்கும் போவார். ஐயன் என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்போது அப்படித்தான் கூப்பிடுவோம்.

முதலில் இருந்தது ஒரு கிழட்டு ஆண் குதிரை. எனக்கு ஏழோ எட்டோ வயதிருக்கும்போது அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. ஐயன் அந்தக் குதிரையில் நாமக்கல்லுக்குப் பறந்து போய் மருந்து வாங்கி வந்தார். மறுபடியும் போய் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு வந்தார். டாக்டர் வண்டி வந்து சேர்வதற்குள் கொஞ்சம் கண்ணைச் சாய்க்கலாம் என்று கட்டிலில் படுத்தார். விழித்தபோது அம்மா இல்லை. குதிரை கட்டும் கொட்டாயில் அந்தக் குதிரையும் கால்களை நீட்டிப் படுத்துவிட்டிருந்தது. அது அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

இந்த இரண்டு சாவுகளையும் எங்கள் அத்தை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டாள். அத்தை ஐயனுக்கு அக்கா, புருஷனை இழந்தவள். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொள்ள வந்து, பிறகு எங்களுக்காகத் தங்கி, வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள். குதிரை படுத்தது, அதனால்தான் வீட்டில் ஒரு உயிர் போனது என்பது அவள் கணக்கு. முன்னால் நடந்தது எது, பின்னால் நடந்தது எது என்று யார் கேட்பது? துக்கம் விசாரிக்க வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல குதிரை நின்றுகொண்டேதான் தூங்கும், கீழே படுத்தால் அது சாவுக்குத்தான் என்று எல்லோருமே நம்பினார்கள்.  ஐயன் அன்றிலிருந்து கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டார். கொட்டாய்ப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். தான் படுத்ததனால்தான் அம்மா போய்விட்டாள் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

அந்த வருஷம் ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஐயன் ஒரு பெண் குதிரையைப் பிடித்து வந்தார். செம்மண் நிறம். நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் பொட்டு. அத்தை அதை வாசலிலேயே நிறுத்தி, கழுத்தில், மார்பில், விலாவில் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. குதிரை அவள் தோளில் மூக்கை வைத்து ஊதியது. அத்தை பயந்து பின்னால் போனாள், அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"சுழி சுத்தமாத்தான் இருக்குது. ஆனா தம்பி, ஒண்ணு சொல்லிப்புட்டேன். இது நம்மூட்டுல படுக்கவே கூடாது. படுத்துச்சுன்னா எமனுக்கு நாமளே பாய் விரிச்ச மாதிரி."

"சரியக்கா" என்றார் ஐயன்.

"சும்மா சரிங்காத. போன தடவை அவ போனா. இனி இந்த ஊட்டுல ஆம்பளைன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது ரொம்பத் தெளிவாகப் புரிந்தது. குதிரை படுத்தால் ஐயன் செத்துப்போவார். அவ்வளவுதான்.

குதிரையைப் படுக்கவிடாமல் வைப்பதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தலைக்கயிற்றை உத்தரத்தில் உயரமாக, இழுத்துக் கட்டினார்கள். தரையில் வைக்கோல் போடாமல் கல் பாவினார்கள். அதுவும் போதாது என்று, வயிற்றுக்குக் கீழே ஒரு சாக்குப் பட்டையைக் கொடுத்து இரண்டு பக்கமும் தூணில் கட்டினார்கள். வெறும் சாக்கு உராய்ந்து புண்ணாக்குமே என்று ஐயன் வீட்டுக்குள் போய் அம்மாவின் சேலை ஒன்றை எடுத்து வந்தார். ஜலகண்டாபுரத்து நெசவு, அரக்கு நிறம். நான் குழந்தையாக இருந்தபோது எனக்குத் தொட்டில் கட்டிய சேலை அது. அதை நாலாக மடித்துச் சாக்கின்மேல் வைத்துத் தைத்தார். என்னைத் தூங்க வைத்த சேலை, குதிரையைத் தூங்கவிடாமல் தாங்கிக்கொண்டு நின்றது.

கொடுமைக்காரர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தக் குதிரைக்கு நடந்த உபசாரம் எங்கள் ஊரில் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்ததில்லை. கொள்ளு வேக வைத்து, கருப்பட்டி தட்டிப் போட்டு, ஆறவைத்துக் கொடுப்பார்கள். தேங்காய் நாரால் உடம்பைத் தேய்த்து விடுவார்கள். ஐயன் காலையில் வேப்பெண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து அதன் நாலு கால்களுக்கும் நீவி விடுவார். நீவிக்கொண்டே பேசுவார். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது, கொடிக்காலில் எந்தப் பாத்தியில் வாடல் விழுந்திருக்கிறது, இதெல்லாம் குதிரைக்குத் தெரியும். எங்களோடு அவர் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. எனக்கு அந்தக் குதிரைமேல் அப்போது பொறாமையாகக்கூட இருந்தது. அது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் தலையில் கட்டிய உருமாலை உதட்டால் பிடித்து இழுக்கும். அவர் கழற்றிக் கட்டிக்கொண்டு மறுபடியும் பேசுவார்.

எல்லா சுகமும் கொடுத்தார்கள், ஒன்றைத் தவிர.

ராத்திரிக் காவல் ஐயனுடையது. மதியக் காவல் எனக்கு. குதிரைக்காரர், அதாவது புல் அறுத்துப் போட்டு லாயம் கூட்டுகிற ஆள், மதியத்தில் புல்லுக்குப் போய்விடுவார். அத்தை என் கையில் ஒரு வெண்கலத் தட்டையும் மரக் கரண்டியையும் கொடுத்து, கொட்டாய் வாசலில் உட்கார வைத்தாள்.

"அம்முணி, அதோட முட்டியையே பாத்துக்கிட்டு இரு சாமி. முட்டி மடங்குச்சுன்னா தட்டு. உங்கையனுக்கோசரம் தட்டு."

நான் முட்டியையே பார்ப்பேன். வெயில் ஓட்டு இடுக்கு வழியாகக் கோடு கோடாக விழும். குதிரை மூத்திர வாசமும் கொள்ளு வாசமும் கலந்து வரும். ஈ மொய்க்கும். கொஞ்ச நேரத்தில் குதிரையின் கீழுதடு தொங்கும். கண் பாதி மூடும். தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து, கயிறு இழுத்துப் பிடித்ததும் நின்றுவிடும். முன்னங்கால் முட்டி இலேசாக நடுங்கும்.  நான் தட்டைப் போட்டு அடிப்பேன். குதிரை தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்து, கண் வெள்ளை தெரிய என்னைப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அது கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் கண்டு அதற்குப் பயம். அதன் முட்டியைக் கண்டு எனக்குப் பயம். இப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மதியங்களைக் கழித்தோம்.

புரட்டாசியில் ஒரு நாள் ஐயன் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். குதிரையின் இரண்டு முன் முட்டியிலும் தோல் பேர்ந்து ரத்தம் வழிந்தது. ஐயனுக்கும் ஒரு முட்டி பேர்ந்து, வேட்டி நனைந்திருந்தது. சமதரையில் போய்க்கொண்டிருந்தபோது யாரோ கால்களை வெட்டிவிட்டதுபோல முன்னால் மடிந்து விழுந்ததாம், விழுந்த வேகத்தில் எழுந்து நின்றதாம். அத்தை மஞ்சளைக் குழைத்து முதலில் தம்பிக்கு வைத்தாள், மிச்சத்தைக் குதிரைக்கு அப்பினாள். குதிரைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது காக்கா வலிப்புங்க. காத்துக் கருப்பு ஏதாச்சும் பட்டிருக்கோணும்."

பல வருஷங்கள் கழித்து, எனக்கே பிள்ளைகள் வளர்ந்தபிறகு, ஒரு கால்நடை டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். குதிரை நின்றபடி கண் அயரும் என்பது நிஜம்தான், ஆனால் அசந்து தூங்கவேண்டும் என்றால் அது கொஞ்ச நேரமாவது படுத்தே ஆகவேண்டும் என்றார். பல நாள் படுக்கவிடாமல் செய்தால் நின்ற இடத்தில், சில சமயம் நடக்கும்போதேகூட, தூக்கம் தள்ளி முட்டி மடிந்து விழுமாம். வலிப்பும் இல்லை, கருப்பும் இல்லை. தூக்கம்தான். ஐயன் சாகக் கூடாது என்று நாங்கள் செய்த காவல், ஐயனைக் கொல்லப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அது ஒருவருக்கும் தெரியவில்லை.

நடந்து போங்களேன் என்று ஊரில் சொன்னார்கள். ஐயனுக்கு முட்டி வீங்கி நடக்க வரவில்லை. அதைவிட, குதிரையைக் கொட்டாயில் விட்டுப் போனால் அது படுத்துவிடுமோ என்ற பயம். கூடவே கொண்டுபோனால் கண்ணெதிரில் இருக்கும் என்று அதிலேயே போனார். ஐயனும் தூங்காதவர்தான். கண் இரண்டும் சிவந்து, கன்னம் ஒட்டி, ஏதாவது கேட்டால் கொஞ்ச நேரம் கழித்துப் பதில் சொல்வார். அவர் கை கடிவாளத்தில் நடுங்கும். நடுக்கம் குதிரையின் வாய்க்குப் போகும். குதிரை காதைப் பின்னால் மடக்கும். அதைப் பார்த்து இவர் இன்னும் இழுத்துப் பிடிப்பார். நான் வாசலில் நின்று, அவர் திரும்பி வரும் குளம்புச் சத்தம் இருபுறமும் வேலி வைத்த இட்டேரிப் பாதையில் கேட்கும்வரை எச்சிலை விழுங்காமல் காத்திருப்பேன். எச்சிலை விழுங்கினால் அவர் வரமாட்டார் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அத்தையின் மருமகள் அல்லவா?

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கொடிக்காலுக்குப் போக அந்தக் கரையைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரு நாள் காலையில் ஐயன் என்னையும் முன்னால் தூக்கி வைத்துக்கொண்டார். கொடிக்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரம்பரை வீட்டில், சொந்தக்காரர்களிடம், என்னை விட்டு வருவதாக ஏற்பாடு. கரை வழுக்கியது. ஒரு பக்கம் தாழங்காடு, இன்னொரு பக்கம் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. குதிரையின் கழுத்து எனக்கு முன்னால் மெல்லத் தாழ்வதைப் பார்த்தேன். கீழுதடு தொங்கியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதுகுப் பக்கம் ஐயனின் தாடை என் தலைமேல் பாரமாக இறங்கியது. அவரும் அயர்ந்துகொண்டிருந்தார். கையில் தட்டு இல்லை. "ஐயா!" என்று கத்தினேன்.

அதற்குள் முட்டி மடிந்துவிட்டது. நான் குதிரையின் கழுத்து வழியாகச் சறுக்கி, கரை விளிம்பில் போய் விழுந்தேன். முகத்துக்கு நேர் கீழே தண்ணீர். சேற்று வாசம். ஐயன் என் பாவாடையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். குதிரை எழுந்து நின்று உடம்பெல்லாம் நடுங்கியது. ஐயன் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தபிறகுதான் நான் அழ ஆரம்பித்தேன். பெரியவர்களுக்குப் பயம் வராது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் குதிரைக்குச் சூடு போட்டார்கள். மாட்டுக்கோ குதிரைக்கோ என்ன வந்தாலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைப்பது அந்தக் காலத்து வைத்தியம். குதிரைக்காரர் காதுக்குப் பின்னால் இழுத்தார். ஐயன் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே ஓடிப்போய் நெல் குதிருக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தத்தைத் தடுக்க முடிந்தது. வாசத்தைத் தடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஐயன் எண்ணெய் நீவப் போனாலும் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டது. அவர் உருமாலை அது இழுப்பதில்லை. அவரும் பேசுவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் அப்போது பேசுகிறவர்கள் யாருமே இல்லை.

சூட்டுக்கும் கேட்கவில்லை. கொட்டாயிலேயே முட்டி மடங்கி, அம்மாவின் சேலையில் தொங்கி, மறுபடியும் நின்றது. அத்தை முனியப்பன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் மந்திரித்து வருவதாகக் கிளம்பினாள். மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு குதிரைக்காரரும் போனார்.

"நான் வாரவரைக்கும் குதிரை மேல ஏறாத தம்பி. உம்புள்ளை மேல ஆணை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மதியம் சாய்வதற்குள் கொடிக்காலில் இருந்து ஆள் ஓடிவந்தார். ஊறிப்போயிருந்த கரை உடைந்து தண்ணீர் கொடிக்காலுக்குள் புகுந்துவிட்டது, உடனே வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் திரும்பி ஓடினார்.  ஐயன் சேணத்தை எடுத்தார்.

"ஐயா, அத்தை வேண்டாம்னு சொன்னாங்க."

"ஆமா சாமி. சித்த நேரத்துல வந்தர்றேன்."

வழக்கமாகக் கொட்டாய்க்குள்ளேயே சேணம் கட்டி, ஏறி உட்கார்ந்தபிறகுதான் வெளியே வருவார். அன்றைக்குக் கொட்டாயைக் கூட்ட ஆளில்லாமல், கல்லெல்லாம் மூத்திர ஈரத்தில் வழுக்கியது. அதனால் பட்டையை அவிழ்த்து, கயிற்றை அவிழ்த்து, குதிரையைக் களத்துக்கு நடத்தி வந்தார். களத்தில் கடலைக்கொடி காயப்போட்டுப் பரப்பியிருந்தது. நாலைந்து நாளாக மழை விட்டு, நல்ல வெயில். குதிரை கடலைக்கொடியில் மூக்கை வைத்தது. ஒருமுறை சுற்றியது. இன்னொருமுறை சுற்றியது. முன்னங்காலை மடித்தது.

"அம்முணி, தட்டு!" என்று ஐயன் கத்தினார்.

நான் தட்டினேன். ஐயன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. பின்பக்கமும் இறங்கி, ஒரு பெரிய பெருமூச்சோடு பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை நீட்டிப் படுத்துவிட்டது. அந்தப் பழைய குதிரை படுத்திருந்தது போலவே நாலு கால்களும் நீண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அதன் கால்கள் உதற ஆரம்பித்தன. உதடு துடித்தது. மூடிய இமைக்குள் கண் உருண்டது. தொண்டைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு முனகல் வந்தது. உயிர் போகிறது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். குதிரை கனவு காணும் என்று எங்களுக்கு யார் சொல்லியிருந்தார்கள்?

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஐயன் கயிற்றைக் கீழே போட்டார்.

"போதும் சாமி. தட்டாத. சாவறப்பவாச்சும் நிம்மதியாச் சாவட்டும்."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. அவர் குதிரையின் கழுத்துப் பக்கம் போய் மண்ணில் உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் இருந்த சூட்டுத் தழும்பைத் தடவினார். அம்மா செத்தபோதுகூட அழாத மனுஷர் அன்றைக்கு அழுதார்.

"நீயும் போறியா? போ. நான் எத்தனை நாளைக்குத்தான் முழிச்சுக்கிட்டு இருக்கறது? அவகிட்டச் சொல்லு... நான் சும்மா சித்த நேரம்தான் கண்ணைச்..."

அந்தப் பேச்சு முடியவில்லை. அவர் தலை குதிரையின் கழுத்தில் சாய்ந்தது. கால்களை நீட்டினார். கை கடலைக்கொடியில் விழுந்தது.

"ஐயா" என்று தோளைத் தொட்டேன். "ஐயா, எந்திரிங்க." பதில் இல்லை. அத்தை சொன்னது நடந்துவிட்டது. குதிரை படுத்தது, ஐயன் செத்துப்போனார். எனக்கு அழுகைகூட வரவில்லை.  அந்தப் பெரிய களத்தில், அத்தனை வெயிலில், நான் மட்டும் நின்றேன். வேலி மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்தது.

யாரோ எப்போதோ செய்ததைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு அத்தை செய்ததாகத்தான் இருக்கவேண்டும். கிட்டே போய், ஐயன் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. விரலை நாக்கில் நனைத்து மறுபடியும் வைத்தேன். வெற்றிலை வாசத்தோடு மூச்சு வந்தது. ஓடிப்போய்க் குதிரையின் மூக்கில் கை வைத்தேன். சூடாக, கொள்ளு வாசத்தோடு, கை முழுக்க மூச்சு. மறுபடியும் ஐயனிடம் ஓடினேன். நான் இந்தப் பக்கம் வந்திருக்கும்போது அந்தப் பக்கம் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். யாரையாவது கூப்பிட ஓடினால், போய் வருவதற்குள் இரண்டு பேரும் போய்விடுவார்களோ என்று இன்னும் பெரிய பயம். அதனால் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம், வெயில் சாயும்வரை போய்ப் போய் வந்தேன். இடையில் ஐயன் குறட்டை விட்டார். குதிரையும் விட்டது. செத்தவர்கள் குறட்டை விடுவார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

பொழுதோடு மாட்டு வண்டிச் சலங்கை கேட்டது. அத்தை களத்து வாசலில் வந்து நின்றாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? நீட்டிப் படுத்த குதிரை, அதன்மேல் நீட்டிப் படுத்த தம்பி, பக்கத்தில் முழி பிதுங்க ஒரு பிள்ளை. கையிலிருந்த எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது. "அய்யோ என் சாமி போயிட்டியா!" என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் இட்டேரியில் போனவர்களெல்லாம் ஓடிவந்தார்கள்.

குதிரை தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றி எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறி, கடலைக்கொடியை ஒரு வாய் கவ்வியது. தலையணை போய்விட்டதால் ஐயனும் எழுந்து உட்கார்ந்தார். தலையெல்லாம் கொடிச் சருகு.

"ஏனக்கா, ஆரு செத்துப் போனாங்க?" என்று கேட்டார்.

 அத்தை அவர் முதுகில் இரண்டு சாத்து சாத்தினாள். அப்புறம் அவரைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் மூச்சு வந்துக்கிட்டேதான் இருந்துச்சுங்க அத்தை. நான் உடாமப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றேன். 

உடைந்த கரையை அதற்குள் ஊர்க்காரர்களே அடைத்திருந்தார்கள். கொடிக்காலில் பாதி அழுகிப்போயிற்று. அதைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பயமும் ஒரே நாளில் போய்விடவில்லை. குதிரை படுத்தாயிற்று, இனி யார் என்று அத்தை அந்த மாசம் முழுக்கக் காத்திருந்தாள். ஐயன் இருமினால்கூட ஓடிவருவாள். ஒருவரும் சாகவில்லை. குதிரையை மறுபடியும் கட்டப்போனபோது ஐயன் பட்டையைத் தொடவில்லை. கல்லின்மேல் மணல் கொட்டி வைக்கோல் பரப்பினார். அதற்குப் பிறகு அது வழியில் விழவே இல்லை. தைப் பொங்கலுக்குள் அவர் உருமாலை மறுபடியும் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

அத்தை கடைசிவரை, முனியப்பன் எலுமிச்சம்பழம்தான் காப்பாற்றியது என்றே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பட்டையைப் பிரித்து, அம்மாவின் சேலையைத் தனியாக எடுத்து, வாய்க்காலில் துவைத்துக் காயவைத்தது அவள்தான். குதிரை வாசம் முழுதாகப் போகவில்லை. அதை ஐயன் கட்டிலில் விரித்துவிட்டு, அவரைப் பார்க்காமலே "படு" என்றாள். அவர் படுத்தார். நான் பக்கத்தில் படுத்தேன். அத்தை கட்டில் காலடியில் பாயைப் போட்டாள். மறுநாள் பால்காரம்மா கதவை இடித்து எழுப்பும்போது முற்றத்தில் வெயில் வந்திருந்தது. அத்தையும் படுக்காமல் எத்தனை ராத்திரி உட்கார்ந்தபடியே ஐயனைக் காவல் காத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அவள்தான் கடைசியாக எழுந்தாள்.

அந்தத் தட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சேலையும் நைந்துபோய்விட்டது. குதிரை கிழமாகி, வைக்கோலில் படுத்தபடியே போனது. ஐயன் என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சும்வரை இருந்தார்.

பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. மதியத்தில் யாராவது அயர்ந்து தூங்கினால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் இருந்தவரை இதற்காக என்னைத் திட்டியிருக்கிறார். ஆகவே, போன வாரம் வேப்பமரத்தடியில் தூங்கியவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மூக்குக்குக் கீழே ஊர்ந்தது ஈ இல்லை. என் விரல்தான். மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது.